தகர வில்லைக்கு வெல்லம் கிடையாது

தீர்த்தம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் அந்த வேலைக்காட்டில் ஒருத்தன்கூடக் கிடையாது. மேஸ்திரியே அவள் ஜல்லி உடைக்கிற பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான். அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் ஊர் பார்க்க வாயடைத்து நின்றாள். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு குடும்பம் தலைகீழாகப் போக இருந்தது.

மழை பொய்த்த வருஷம் அது. சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் சர்க்கார் பஞ்ச வேலையாக ரோடு போட்டுக்கொண்டிருந்தது. காடு காய்ந்துபோன குடும்பமெல்லாம் மலை ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டு ஜல்லி உடைத்தது. கூலி காசாக வராது, தகர வில்லையாக வரும். வில்லையை வேலைக்காட்டுக் கடையில் நீட்டினால் கேழ்வரகோ சோளமோ அளந்து போடுவார்கள். வயிறு காயக் கூடாது, அவ்வளவுதான் சர்க்காரின் நினைப்பு.

கடைக்காரன் பச்சியப்பனின் நினைப்பு வேறாக இருந்தது. கண்ணாடி ஜாடியில் மிட்டாயும் கமர்கட்டும் வைத்தான். ஈரச் சாக்கில் கோலி சோடாவும் சிவப்புக் கலரும் அடுக்கினான். பின்பக்கம் வெல்ல மூட்டை. பிள்ளைகள் வில்லையைத் திருடிக்கொண்டு போய் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு ராத்திரி பசியென்று அழுதார்கள். ஆம்பிளைகள் வெல்லம் வாங்கினார்கள். எதற்கென்று யாரும் கேட்கத் தேவையில்லை. கள்ளுக்கடை மூடின நாளிலிருந்து வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறப்போட்டுச் சாராயம் இறக்கத் தெரியாதவன் அந்தப் பக்கத்தில் சோம்பேறி என்று பேர் வாங்கினான்.

தீர்த்தம்மாளின் புருஷன் அர்ச்சுனன் அதிலே முதல் ஆள். வாரத்து வில்லை முழுவதையும் ஒரு தரம் வெல்லமாக மாற்றிக் குடித்துவிட்டு வந்து மல்லாந்தான். மூன்று பிள்ளைகளும் அன்று புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுவிட்டுப் படுத்தன. விடிந்ததும் அவள் நேரே பஞ்ச வேலை ஆபீசரின் கூடாரத்துக்குப் போனாள். சேவகன் மறித்தான். அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், சர்க்கார் எங்களுக்குச் சோறு போடுகிறதா, சாராயம் ஊற்றுகிறதா என்று கேட்டாள். ஆபீசர் ஆடிப்போனார். அன்றைக்கே தண்டோரா போட்டார்கள்: வில்லைக்குத் தானியம், பருப்பு, உப்பு, மிளகாய் மட்டும்தான். மிட்டாய், கலர், வெல்லம் எதுவும் கிடையாது. எந்தக் குடிசையிலாவது வெல்லம் இருந்தால் அந்தக் குடும்பமே வேலையிலிருந்து நீக்கப்படும். ஊறல் போட்டால் போலீஸ்.

தண்டோராவோடு விட்டிருந்தால் அவள் தீர்த்தம்மாள் இல்லையே. தானியம் அளந்து போடுகிற நாளெல்லாம் கடை வாசலில் போய் நின்றுகொள்வாள். எங்கே வெல்லத்தைக் கண்டாலும் ஆபீசில் சொல்லிவிட வேண்டும், அண்ணன் தம்பி என்று பார்க்கக் கூடாது என்று பொம்பளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அர்ச்சுனன் திருந்திவிட்டான். பிள்ளைகள் கூழ் குடித்தன. அந்தச் சட்டம் அவளுக்குத் தாலிக்குச் சமம், அதில் கை வைத்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

அப்படியிருக்க ஒரு நாள் காலையில் குள்ளம்மாள் வில்லையைக் கையில் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தாள். கேழ்வரகு கேட்கவில்லை. தீர்த்தம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்ல வெல்லம் கேட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. குள்ளம்மாளின் புருஷன் காளியன் ஊறல் போட்டுப் பிடிபட்டு சேலம் ஜெயிலில் களி தின்றுவிட்டு வந்தவன். அவன் பெண்டாட்டி வெல்லம் கேட்டால் யார் நம்புவார்கள்.

"சின்னபொண்ணுக்குக் குளிர்காச்சல் யக்கா. கம்பவுண்டரு கொயினா மருந்து குடுத்தாரு. கசப்பு தாங்காம கக்கிக் கக்கி ஊத்துது. வெல்லத்துல பொதிஞ்சு குடுக்கச் சொன்னாரு. கொட்டப்பாக்கு அளவு இருந்தாப் போதும்."

தீர்த்தம்மாளுக்குச் சுருக்கென்றது. இரக்கத்தால் இல்லை. புள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக்கு வெல்லம் வேண்டும் என்கிற இதே பேச்சை அவளே போன வருஷம் மொரப்பூர்ச் சந்தையில் கடனுக்குக் கேட்கப் பேசியிருக்கிறாள். அர்ச்சுனன் அவளை அடித்து, பேச்சையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினான். அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசினாள். அந்த வெல்லம் எந்தப் பானைக்குள் போனது என்று அவளுக்குத் தெரியாதா.

"இந்தப் பேச்ச நானே பேசினவ" என்றாள். "போ புள்ள. தண்ணியில கரைச்சு மூக்கப் புடிச்சு ஊத்து."

குள்ளம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் தீர்த்தம்மாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொய் சொல்கிறவள் இரண்டு தரமாவது கெஞ்சுவாளே, இவள் ஏன் அப்படியே போனாள் என்று மத்தியானம் வரைக்கும் மனசு அரித்தது. சுத்தி இரண்டு தரம் கல்லில் படாமல் தரையில் விழுந்தது.

கம்பவுண்டர் சவுரியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டு வழியாக வந்தார். அவள் போய் மறித்துக் கேட்டாள். குள்ளம்மாள் சொன்னது உண்மைதானா என்று கேட்கும்போதே, பொய் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் சொல்லவில்லை.

"ரெண்டு மொறை குளிர் வந்துட்டுது. நாளைக்கு மத்தியானம் திரும்ப வரும். இன்னிக்குச் சாயங்காலத்திலிருந்து மருந்து வயித்துல நின்னாப் பொழைச்சுக்கும். ஏற்கெனவே துரும்பா இருக்கிற புள்ளம்மா. இன்னொரு மொறை தாங்காது."

அவர் பையில் கொயினாவும் டிஞ்சரும் தவிர வேறு ஒன்றுமில்லை. அவர் மலைக்கு மேலே போகிறார், இறங்கி வர இரண்டு மூன்று நாளாகும். சட்டம் போட்ட ஆபீசரோ தருமபுரிக்குப் போயிருந்தார். பொம்மிடிக்கு நடந்துபோய் வெல்லம் வாங்கி வருவதற்குள் சாயங்கால வேளை தாண்டிவிடும். மலைத்தேன் கேட்கலாமென்றால், காட்டில் ஒரு பூ பூக்காத வருஷத்தில் தேனுக்கு எங்கே போக.

குள்ளம்மாளின் குடிசைக்குள் அவள் குனிந்து நுழைந்தபோது, நாலு வயசுச் சின்னபொண்ணு சாக்கில் கிடந்தது. கண் மட்டும் பெரிசாக இருந்தது. தீர்த்தம்மாள் கொயினாப் பொட்டலத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்தாள். தன் வாய்க்குப் பயந்து ஊரே நடுங்குகிறது, ஒரு பிள்ளைக்கு மருந்து புகட்ட முடியாதா என்றுதான் நினைத்தாள். மூக்கைப் பிடித்து ஊற்றினாள். பிள்ளை விழுங்கியது. ஒரு மூச்சு விட்டது. பிறகு குடலே வெளியே வருகிற மாதிரி அவள் கையிலேயே கக்கியது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

"நீ பெத்ததுக்கு இப்பிடின்னா யாரும் கேக்காமயே நீ குடுத்திருப்பே யக்கா" என்றாள் குள்ளம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

தீர்த்தம்மாள் கடைக்கு ஓடினாள். பச்சியப்பன் அவள் கேட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். வெல்லமா, உன் வாய்க்குப் பயந்து அன்றைக்கே மூட்டையை மொரப்பூருக்கு வண்டியேற்றிவிட்டேன், வேண்டுமானால் மூட்டை கிடந்த இடத்தை நக்கிப் பார் என்றான். காரியம் ஆக வேண்டியிருந்ததால் அதையும் பொறுத்துக்கொண்டாள். உள்ளே போய் மூலையெல்லாம் தடவிப் பார்த்தாள். எறும்புகூட இல்லை.

குடிசை குடிசையாகப் போனாள். வெல்லம் இருக்கிறதா என்று தீர்த்தம்மாள் கேட்டால் இருக்கிறது என்று சொல்ல எவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஐயோ யக்கா, உன்கிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்தோமே, நாங்க தொடுவோமா என்று ஒவ்வொருத்தியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு மருந்துக்கடி என்றாள். அவர்கள் அதற்கும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு கட்டி இருக்கத்தான் இருக்கும், தன் வாயே அதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

வெயில் தாழ்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அர்ச்சுனன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் தான் துரத்தினதைக்கூட மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை செத்தால் நான்தான் கொன்றவள் என்றாள். கூடை முடைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அவள் முகத்தையே பார்த்தான். எழுந்து ஓடைப் பக்கமாகப் போனான். வெளிக்குப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

திரும்பி வந்து அவள் மடியில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தான். பிரித்தாள். கைப்பிடி அளவுக்குக் கறுத்த வெல்லக் கட்டி. அதில் வேலம்பட்டை நார் ஒட்டியிருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. ஒரு மாதமாகப் பானையில் கேழ்வரகு குறைந்துகொண்டே வந்தது. பச்சியப்பன் படியில்தான் கோளாறு என்று அவள் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டாள். பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கின தானியம் பொம்மிடிக்குப் போய் வெல்லமாகத் திரும்பியிருக்கிறது. திருந்திவிட்டான் என்று அவனைக் காட்டித்தானே மற்ற பெண்டுகளுக்கு அவள் நியாயம் பேசினாள். அந்தக் கட்டியாலேயே அவன் மண்டையை உடைத்திருப்பாள்.

"அடிக்கிறதுன்னா அப்புறமா அடி" என்றான் அர்ச்சுனன். "மொதல்ல புள்ளைக்குக் குடு."

அவள் எழுந்து போனாள். குள்ளம்மாளின் குடிசையில் வெல்லத்தைச் சுரண்டி, கொயினாத் தூளை நடுவில் வைத்து உருட்டி, சின்னபொண்ணின் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்பியது. தித்திப்பு பட்டதும் கண்ணைத் திறந்தது. விழுங்கியது. இரண்டு பொம்பளைகளும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தரம் குமட்டியது. குள்ளம்மாள் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை புரண்டு படுத்தது.

ஏது யக்கா என்று குள்ளம்மாள் கேட்டாள். கேட்காதே என்றாள் தீர்த்தம்மாள். குள்ளம்மாள் கட்டியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த நாரைக் கிள்ளி எடுத்து அடுப்பில் போட்டாள். அவளும் அந்தத் தொழில் பார்த்தவனின் பெண்டாட்டி. மீதி வேளைகளுக்கு ஆகட்டும் என்று கட்டியை அங்கேயே விட்டுவிட்டு தீர்த்தம்மாள் வந்தாள். அர்ச்சுனனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை மருந்தும் உள்ளே நின்றது. மத்தியானம் குளிர் வந்தது, ஆனால் லேசாக வந்து வியர்த்து இறங்கிவிட்டது, பிள்ளை கூழ் கேட்கிறது என்று காளியனே ஜல்லிக் குவியலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். எந்தப் புண்ணியவதி வெல்லம் கொடுத்தாள் என்று குள்ளம்மாள் அவனுக்குக்கூடச் சொல்லவில்லை என்றான். தீர்த்தம்மாள் ராத்திரியிலிருந்து முதல் தரமாக ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

குடித்து முடிக்கவில்லை, கோவிந்தம்மாள் ஓடி வந்தாள். தீர்த்தம்மாளுக்கு வலது கை மாதிரி இருப்பவள். முகமெல்லாம் பெருமை. குள்ளம்மாள் குடிசையில் எட்டிப் பார்த்தேன், இத்தனை பெரிய வெல்லக் கட்டி, பழைய புத்தி போகுமா, மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் இப்போதுதான் ஆபீசுக்கு வந்திறங்கினார், கையோடு சொல்லிவிட்டேன் என்றாள்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன் யக்கா."

தீர்த்தம்மாள் சுத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அதற்குள் குடிசைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. வெல்லக் கட்டி சப்-இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் காளியனின் கையைப் பின்னால் வளைத்துத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மருந்துக்கு யாரோ கொடுத்தது, யாரென்று சத்தியமாக எனக்குத் தெரியாது சாமி என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. வெல்லம் எங்கிருந்து வந்ததென்று குள்ளம்மாளை அதட்டினார்கள். அவள் கூட்டத்தில் தீர்த்தம்மாளை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷனை இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. அர்ச்சுனனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான்.

வாயடைத்து நின்றாள் என்றது இந்த இடத்தில்தான். பேசாமல் இருந்தால் போதும். காளியன் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவன், இன்னொரு தரம் போனால் ஊர் ஆச்சரியப்படாது. பேசினால் புருஷனும் போவான், வேலையும் போகும், நாளைக்கு மூன்று பிள்ளைகளுக்கும் மறுபடி புளியங்கொட்டைதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். ஊரான் பிள்ளைக்காக அவள் செய்ததே அதிகம். உள்ளே சாக்கில் கிடந்த பிள்ளை அப்பனைக் கட்டுவதைப் பார்த்து ஈனசுரத்தில் அழுதது.

"அவன விடுங்க சாமி" என்றாள். "அது எங்க வூட்டு வெல்லம்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு அவளைத் தெரியும். சட்டம் கொண்டுவந்த பொம்பளை இவள்தான் என்று ஆபீசரே காட்டியிருக்கிறார். இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, உன் வீட்டில் ஏது வெல்லம் என்று அலட்சியமாகக் கேட்டார்.

"ஊறல் போட வெச்சிருந்தது. எம் புருஷன் வெச்சிருந்தாரு. புள்ளைக்கு மருந்துக்காக நான்தான் கொண்டாந்து குடுத்தேன்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அர்ச்சுனனைச் சுற்றி நின்றவர்கள் தானாக விலகினார்கள். அவன் ஓடவில்லை. மெதுவாக முன்னால் வந்து கையை நீட்டினான். காளியன் கையிலிருந்து அவிழ்த்த துண்டாலேயே அவனைக் கட்டினார்கள். தீர்த்தம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றச் சொன்னார். அவள் குறுக்கே போய் நின்றாள். இன்னும் இரண்டு நாளைக்கு மருந்து இருக்கிறது, வெல்லம் இல்லாவிட்டால் பிள்ளை கக்கிவிடும், பாதியையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த வேலைக்காட்டில் அவள் யாரையும் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் இதுதான் கேசுக்குச் சாட்சி, சாட்சியைப் பங்கு போட்டால் கோர்ட்டில் எனக்குத்தான் கேவலம் என்றார். காகிதம் வந்தது.

"சாமி" என்றான் அர்ச்சுனன். "இந்தக் கட்டிய வெச்சு என்ன கேஸு நிக்கும். ஓடப் பாறைக்குக் கீழ ஊறப்பானையே இருக்குதுங்க. நானே வந்து தோண்டிக் குடுக்கறேன். இத அந்தப் புள்ளைக்கு வுட்டுடுங்க."

வெல்லக் கட்டி மட்டும் என்றால் வேலை போகும், நாலு அடி விழும், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். ஊறல் பானை என்றால் சேலம் ஜெயில். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், காளியனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவன் கட்டு அவிழ்ந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அர்ச்சுனனைப் பார்த்தான். சப்-இன்ஸ்பெக்டர் கட்டியைக் குடிசை வாசலில் கிடந்த கல்லின் மேல் வைத்துவிட்டு, நட என்றார்.

அப்போதுதான் தீர்த்தம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. அடப் பாவி மனுஷா, பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டவனே, உன்னை நான் என்னவென்று சொல்லுவேன் என்று திட்டினாள். திட்டத் திட்ட அழுகை பெருகியது. அவன் ஓடைப் பக்கம் போலீஸ்காரர்களுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். கூட்டமும் பானையைப் பார்க்கப் பின்னாலேயே போய்விட்டது.

அவள் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லின் மேலிருந்த வெல்லத்தை எடுத்தாள். சாயங்கால மருந்துக்கு நேரமாகிவிட்டது, பொட்டலத்தைக் கொடு என்று குள்ளம்மாளிடம் கையை நீட்டினாள். உருண்டையைக் கொண்டுபோய்ச் சின்னபொண்ணின் வாயருகே வைத்தாள். பிள்ளை தானாகவே வாயைத் திறந்தது.